சிப்பின் குவர்க்கா, நம் டிரைவரின் பிழையா? அறிகுறி வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வழி

பெங்களூரில் போர்டு பிரிங்-அப் (புதிய போர்டை முதன்முதலில் உயிர்ப்பிக்கும் வேலை) நடக்கும் லேப்களில் "சிப்பே சரியில்லை" என்பது சீக்கிரமே சொல்லப்பட்டுவிடும் தீர்ப்பு. பெரும்பாலும் அது கேபிள், பவர், அல்லது நம்முடைய கோட். ஆனாலும் சிப் நிஜமாகவே சொன்ன சொல் தவறும் இடங்கள் உண்டு. அப்படி ஸ்பெக்குக்கு மாறாக நடக்கும் சிப்பின் வினோதமும், அதைச் சமாளிக்க எழுதும் கோடும்தான் குவர்க். லினக்ஸ் கர்னலில் டிரைவர்ஸ்/பிசிஐ அடைவில் இருக்கும் குவர்க்ஸ்.சி கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வளர்ந்திருப்பது அதனால்தான். கீழே உள்ள வரிசை லினக்ஸுக்கானது. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலில் வரும், கைக்காசு கரையும் சோதனை கடைசியில் வரும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எல்எஸ்பிசிஐ -என்என் அல்லது எல்எஸ்யுஎஸ்பி காட்டும் வெண்டர் எண்ணும் டிவைஸ் எண்ணும். இரண்டு, சிப்பின் ரிவிஷன் எண். இதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள், கடைசியில் இதுதான் தேவைப்படும். மூன்று, சாதனத்தின் ஃபர்ம்வேர் பதிப்பும் பயாஸ் பதிப்பும். நான்கு, டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவில்) வந்த முதல் பிழை வரி. கடைசி வரி அல்ல. கடைசியில் வரும் ஐம்பது வரிகள் முதல் வரியின் விளைவு மட்டுமே.

அறிகுறி: வெளி டிஸ்க் காப்பி நடுவே காணாமல் போகிறது

டிமெசேஜில் "யுஏஎஸ்_ஈஎச்_அபார்ட்_ஹேண்ட்லர்" என்று வரிசையாக வந்து, பிறகு டிவைஸ் ரீசெட், பிறகு ஐ/ஓ எரர். யுஎஸ்பியையும் டிஸ்கின் சாட்டாவையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப்களில் அடிக்கடி காணும் காட்சி. யுஏஎஸ் என்பது யுஎஸ்பி டிஸ்குகளுக்கான வேகமான கட்டளை முறை.

*கேபிளும் பவரும்.* யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்ப் தரும், யுஎஸ்பி 3 போர்ட் 900. சுழலும் 2.5 அங்குல டிஸ்க் கிளம்பும் நொடியில் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டிஸ்கை பவர் அடாப்டர் உள்ள ஹப் வழியாக இணைத்துப் பாருங்கள். கேபிளை மாற்றுங்கள், பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கொத்தாகத் தொங்கும் நீல நிற யுஎஸ்பி 3 கேபிள்களில் பல, அரை மீட்டரைத் தாண்டினாலே 5 ஜிகாபிட்டில் தடுமாறும். லேபில் ஒரு நல்ல கேபிளைச் சோதித்து, சிவப்பு டேப் சுற்றி, அதை யாரும் போன் சார்ஜ் செய்ய எடுத்துப் போகாமல் வைத்துக்கொள்வது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

*யுஏஎஸ்ஸா என்று உறுதிப்படுத்துதல்.* எல்எஸ்யுஎஸ்பி -டி அடித்தால் டிஸ்குக்கு எதிரே டிரைவர் பெயர் யுஏஎஸ் என்றா, யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்றா என்று தெரியும். யுஏஎஸ் என்றால் அதை அணைத்துச் சோதியுங்கள். /சிஸ்/மாட்யூல்/யுஎஸ்பி_ஸ்டோரேஜ்/பாராமீட்டர்ஸ்/குவர்க்ஸ் கோப்பில் வெண்டர், டிவைஸ், கொடி என்ற வரிசையில் எழுதுங்கள். ஜேமைக்ரான் பிரிட்ஜ் ஒன்றுக்கு அது 152டி:0578:யு என்று இருக்கும். எழுதியபின் டிஸ்கைப் பிடுங்கிச் செருகினால் போதும், ரீபூட் வேண்டாம். நிலையாக வைக்க, கர்னல் கட்டளை வரியில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்= என்று சேர்க்கவும். மோட்ப்ரோப் கோப்பில் வைத்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க மறக்கக் கூடாது. மறந்தால் பூட்டின் தொடக்கத்திலேயே பழைய அமைப்போடு மாட்யூல் ஏறிவிடும்.

*கொடியைக் குறுக்குதல்.* "யு" போட்டதும் டிஸ்க் விழாமல் நிலைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். யுஏஎஸ் போனால் ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசையில் வைக்கும் வசதியும் போகும். எஸ்எஸ்டி என்றால் வேகத்தில் நன்றாகவே தெரியும். எப்போது விழுகிறது என்று பார்த்து அதற்கான கொடியைத் தேடுங்கள். டிஸ்கின் நலம் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் ஓடும்போது அல்லது ஸ்மார்ட்டி பின்னணியில் விழிக்கும்போது மட்டும் விழுந்தால் "டி" கொடி. ஏடிஏ பாஸ்த்ரூ கட்டளைகளை அது தடுக்கும். செருகிய உடனேயே, டிஸ்கை அடையாளம் காணும் கட்டத்தில் தொங்கினால் "எஃப்" கொடி. பெரிய கோப்புகளில் மட்டும் விழுந்தால் "ஜி", அது ஒரு பரிமாற்றத்தை 240 செக்டாருக்குள் அடக்கும்.

*ஒரே எண், வேறு சிப்.* ஏஎஸ்மீடியாவின் 1051, 1053 சிப்கள் ஒரே வெண்டர்-டிவைஸ் எண்ணோடு வருவது உண்டு. முன்னதில் யுஏஎஸ் உடைந்தது. பின்னதில் யுஏஎஸ் ஓடும், பெரிய பரிமாற்றம்தான் தகராறு. எண் உதவாததால் கர்னல் எண்ட்பாயிண்ட் எத்தனை ஸ்ட்ரீம் தருகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறது. யுஎஸ்பி 2 வேகத்தில் இணைந்தால் ஸ்ட்ரீம் தகவலே கிடைக்காது. அப்போது 1051 என்றே வைத்துக்கொண்டு யுஏஎஸ்ஸை அணைத்துவிடும். உங்கள் சிப்புக்கும் எண்ணைத் தவிர வேறு அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று டிஸ்கிரிப்டரை முழுதாகப் படியுங்கள்.

*நிறுத்த வேண்டிய இடம்.* "யு" போட்டும், வேறு கணினியிலும், வேறு அடாப்டரிலும் டிஸ்க் விழுந்தால் பிரிட்ஜ் போர்டை மாற்றுங்கள். புதுசு சில நூறு ரூபாய்தான். டிஸ்க் உள்ளே கடகடவென்று சத்தம் போட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். அங்கே டிரைவர் எழுதுகிறவருக்கு வேலை இல்லை.

ஒரு பக்கக் குறிப்பு: டிஸ்க் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தால், வைஃபை இறங்கினால், புளூடூத் டிரைவரில் பிழை தேடாதீர்கள். யுஎஸ்பி 3 சிக்னலின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் விழும் என்பதை இன்டெல்லே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிளில் தள்ளி வையுங்கள்.

அறிகுறி: ரெஜிஸ்டரை வாசித்தால் எல்லாம் எஃப்

பிசிஐ எக்ஸ்பிரஸில் பதில் சொல்ல ஆளில்லாத வாசிப்புக்கு எல்லா பிட்டும் 1 என்று திரும்பி வரும். ஹெக்ஸில் எட்டு எஃப் வந்தால் "ரெஜிஸ்டர் மதிப்பு விநோதமாக இருக்கிறது" என்று கொள்ளக் கூடாது. சாதனம் பதிலே சொல்லவில்லை என்று பொருள். முதல் கிளை இங்கேயே பிரிகிறது: கான்ஃபிக் ஸ்பேஸ் (சாதனத்தின் அடையாளமும் அமைப்பும் இருக்கும் பகுதி) வாசிக்க வருகிறதா, இல்லையா?

*கான்ஃபிக் வருகிறது, பார் (பிஏஆர், சாதன ரெஜிஸ்டர்கள் அமரும் மெமரி முகவரிப் பகுதி) மட்டும் எஃப்.* எல்எஸ்பிசிஐ -விவி எடுத்து "கண்ட்ரோல்" வரியைப் பாருங்கள். "மெம்-" என்றிருந்தால் டிரைவர் பிசிஐ_எனேபிள்_டிவைஸ் அழைக்கவில்லை, அல்லது ரீசெட்டுக்குப் பின் நிலையை மீட்கவில்லை. அடுத்து பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் "ஸ்டேட்டஸ்". டி3 என்றிருந்தால் சாதனம் உறங்குகிறது. மின்சாரம் இருந்தபடி உறங்கும் டி3ஹாட்டில் கான்ஃபிக் பதில் சொல்லும், மெமரி ரெஜிஸ்டர் சொல்லாது. சிஸ்எஃப்எஸ்ஸில் (/சிஸ் அடைவில்) அந்தச் சாதனத்தின் பவர்/கண்ட்ரோல் கோப்பில் "ஆன்" என்று எழுதி ரன்டைம் உறக்கத்தை நிறுத்துங்கள். சரியானால் பிழை உங்கள் ரன்டைம் பிஎம் எண்ணிக்கையில். சிப்பைத் திட்ட வேண்டாம்.

*கான்ஃபிக்கும் எஃப்.* எல்எஸ்பிசிஐ அந்தச் சாதனத்துக்கு "ரெவ் எஃப்எஃப்" என்றும் "அன்நோன் ஹெடர் டைப் 7எஃப்" என்றும் காட்டும். லிங்கே விழுந்துவிட்டது. முதலில் கையால் செய்யும் வேலை: அட்டையைக் கழற்றித் திரும்பப் பொருத்துங்கள், எம்.2 என்றால் திருகை முடுக்குங்கள், ரைசர் கேபிளை விலக்கிவிட்டு நேரடி ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் ஸ்லாட்டை ஜென் 1-க்கு (மிகக் குறைந்த வேகத்துக்கு) இறக்குங்கள். ஜென் 1-இல் நிற்கிறது, ஜென் 3-இல் விழுகிறது என்றால் அது சிக்னல் தரப் பிரச்சினை. டிரைவரில் எதை மாற்றினாலும் ஒளிக்கத்தான் முடியும். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூர் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். அட்டையைத் தொடும்போது ரிஸ்ட் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேடிக் பட்ட போர்டு உடனே சாகாது, வாரக்கணக்கில் இப்படி விட்டுவிட்டு விளையாட்டுக் காட்டும்.

*சிறிது நேரம் சும்மா இருந்தபின்தான் விழுகிறது.* இங்கேதான் உண்மையான குவர்க் வாழ்கிறது. ஏஎஸ்பிஎம் என்னும் லிங்க் மின்சேமிப்பு நிலைக்குள் (எல்1, அதைவிட ஆழமான எல்1.2) போன சிப் திரும்பி வரவில்லை. பலரும் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்று கட்டளை வரியில் போட்டுவிட்டு "ஏஎஸ்பிஎம் அணைத்தாயிற்று, ஆனாலும் விழுகிறது" என்பார்கள். அந்த அமைப்பு ஏஎஸ்பிஎம்மை அணைக்காது. கர்னல் அதைத் தொடாது, பயாஸ் வைத்தது அப்படியே இருக்கும் என்பதுதான் அதன் பொருள். பயாஸ் எல்1-ஐ இயக்கி வைத்திருந்தால் அது இயங்கிக்கொண்டேதான் இருக்கும். நிஜமாக அணைந்ததா என்று எல்எஸ்பிசிஐ -விவி காட்டும் "எல்என்கேசிடிஎல்" வரியில் "ஏஎஸ்பிஎம் டிசேபிள்டு" என்று பார்த்தே நம்புங்கள். அணைக்க, சிஸ்எஃப்எஸ்ஸில் சாதனத்தின் லிங்க் அடைவில் உள்ள எல்1_ஏஎஸ்பிஎம், எல்1_2_ஏஎஸ்பிஎம் கோப்புகளில் 0 எழுதலாம். தனித்தனியாக எழுதுங்கள்: எல்1.2 மட்டும் குற்றவாளி என்றால் முழு எல்1-ஐ அணைத்து பேட்டரியைத் தின்ன வேண்டியதில்லை. டிரைவரில் இதற்கு பிசிஐ_டிசேபிள்_லிங்க்_ஸ்டேட்.

*என்விஎம்இ டிஸ்க் என்றால்.* "கண்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட்" என்ற வரியோடு சிஎஸ்டிஎஸ் எல்லாம் எஃப் என்று வரும். கர்னல் 4.11 முதல் என்விஎம்இ டிஸ்குகள் தாமாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் ஏபிஎஸ்டி இயங்குகிறது. சில டிஸ்க்-மதர்போர்டு ஜோடிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்ஸி_யுஎஸ்=0 என்று போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். பிழை நின்றுவிட்டால், 0-ஐ விட்டு 5500 போல ஒரு மதிப்புக்கு உயர்த்திப் பாருங்கள். பல டிஸ்குகளில் மிக ஆழமான நிலை மட்டும்தான் தகராறு செய்யும். அதற்கு முந்தைய நிலையில் நிறுத்தினால் மின்சேமிப்பில் பெரும்பகுதி மிஞ்சும். எந்த நிலைக்கு எத்தனை மைக்ரோசெகண்ட் என்பது என்விஎம்இ ஐடி-சிடிஆர்எல் கட்டளையின் வெளியீட்டில் கடைசிப் பகுதியில் இருக்கும்.

*ரீசெட்டுக்குப் பின் திரும்பவில்லை.* சாதனத்தை விஎஃப்ஐஓ வழியாக விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்கும்போது "நாட் ரெடி 1023எம்எஸ் ஆஃப்டர் எஃப்எல்ஆர்" என்று வரும். எஃப்எல்ஆர் (ஒரு ஃபங்ஷனை மட்டும் ரீசெட் செய்யும் வசதி) உண்டு என்று விளம்பரப்படுத்திவிட்டு அதைச் செய்தால் தொங்கும் சிப்கள் இருக்கின்றன. ஏஎம்டி மாட்டிஸ் தலைமுறையின் ஆடியோ, யுஎஸ்பி கண்ட்ரோலர்களுக்கு கர்னலில் எஃப்எல்ஆர் வேண்டாம் என்ற குவர்க் இருக்கிறது. உங்கள் எண்ணை அதே பட்டியலில் சேர்த்துச் சோதியுங்கள்.

*நிறுத்த வேண்டிய இடம்.* குளிர் பூட்டிலேயே, இரண்டு போர்டில், ஜென் 1-இல் கூட லிங்க் எழவில்லை என்றால் ஸ்கோப் பிடிக்கத் தெரிந்த ஹார்டுவேர் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ரெஃபரன்ஸ் கிளாக், பெர்ஸ்ட் சிக்னல், பவர் வரிசை ஆகியவற்றை அவர் அளந்து தரும்வரை உங்கள் பக்கம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அறிகுறி: இன்டரப்ட் வரவேயில்லை

/ப்ராக்/இன்டரப்ட்ஸை இரண்டு முறை எடுத்து எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறுகிறது, ஆனால் டிரைவர் நகரவில்லை என்றால் ஹேண்ட்லரில் பிழை. ஏறவே இல்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

எல்எஸ்பிசிஐயில் "பஸ்மாஸ்டர்-" என்றிருக்கிறதா? எம்எஸ்ஐ வகை இன்டரப்ட் என்பது சாதனம் செய்யும் ஒரு மெமரி எழுத்து (ரைட்). பஸ் மாஸ்டர் பிட் அணைந்திருந்தால் அந்த எழுத்தே வெளியே வராது. டிஎம்ஏ (சிபியு இல்லாமல் சாதனமே மெமரியை நேராகத் தொடுவது) பயன்படுத்தாத சாதனத்துக்கு பிசிஐ_செட்_மாஸ்டர் எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அது சரியென்றால் எம்எஸ்ஐ வரியில் "எனேபிள்+", எம்எஸ்ஐ-எக்ஸ் என்றால் கூடவே "மாஸ்க்டு-" இருக்க வேண்டும்.

பிறகு பிசிஐ=நோஎம்எஸ்ஐ என்று பூட் செய்து பாருங்கள். பழைய இன்டரப்ட் முறையில் ஓடினால் சிப் அல்லது அதன் மேலுள்ள பிரிட்ஜின் எம்எஸ்ஐதான் கோளாறு. இதில் ஒரு வகை தனியாகச் சொல்லத்தக்கது. எம்எஸ்ஐ இயக்கும்போது கர்னல் கமாண்ட் ரெஜிஸ்டரின் 10-ஆம் பிட்டை ஏற்றி, பழைய இன்டரப்ட் முறையான ஐஎன்டிஎக்ஸை அணைக்கும்; ஸ்பெக்படி அது எம்எஸ்ஐயைத் தொடக் கூடாது. சில பிராட்காம் டைகான்3, சில அதெரோஸ் ஈதர்நெட் சிப்களில் அந்தப் பிட் எம்எஸ்ஐயையும் சேர்த்தே அணைத்துவிடும். கர்னலில் இதற்குத் தனிக் கொடி இருக்கிறது. செட்பிசிஐயால் அந்தப் பிட்டைக் கையால் இறக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏஆர்எம் போர்டில் ஜிபிஐஓ வழி இன்டரப்ட் என்றால் கதை வேறு. டச் பேனல் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு உறைந்து போகிறதா? டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பில்) இறங்கு விளிம்பு என்று எழுதியிருக்கும். சிப்போ டேட்டா தீரும்வரை கோட்டைக் கீழேயே பிடித்திருக்கும். ஒரு விளிம்பு தவறினால் அடுத்த விளிம்பு வரவே வராது. லெவல்-லோ என்று மாற்றி, ஒன்ஷாட் கொடியுடன் த்ரெடட் ஹேண்ட்லராக்குங்கள்.

அறிகுறி: "நோபடி கேர்ட்" என்று சொல்லி ஐஆர்கியூ அணைந்துவிடுகிறது

ஒரு லட்சம் இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோரவில்லை என்றால் கர்னல் அந்த இன்டரப்ட் கோட்டை (ஐஆர்கியூ) மூடிவிடும். ஐஆர்கியூபோல் போட்டு ஓட்டச் சொல்லும் ஆலோசனையைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் பிட்டை அழிக்க எழுதிய எழுத்து இன்னும் பிரிட்ஜில் தேங்கிக்கொண்டிருக்கலாம். சிப் அதைப் பார்க்கும் முன்னே ஹேண்ட்லர் முடிந்துவிடும், கோடு இன்னும் கீழே இருப்பதால் மறுபடி இன்டரப்ட், வாசித்தால் ஸ்டேட்டஸ் காலி, என்னுடையது அல்ல என்று ஹேண்ட்லர் ஐஆர்கியூ_நன் திருப்பும். எழுதிய உடனே அதே சாதனத்திலிருந்து ஒரு ரெஜிஸ்டரை வாசித்தால் எழுத்து தள்ளப்பட்டுவிடும். இது குவர்க் அல்ல, பிசிஐயின் இயல்பு. அதைச் செய்தும் தீரவில்லை என்றால் அந்தக் கோட்டைப் பங்கிடும் வேறு சாதனத்தைத் தேடுங்கள். டிரைவர் ஏறாத ஒன்று பயாஸ் விட்டபடியே கோட்டை இழுத்துக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: டேட்டா கெடுகிறது, சில கணினியில் மட்டும்

*முதலில் ராம்.* மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு ஓடட்டும்.

*பிறகு நம் கோட்.* டிஎம்ஏ ஏபிஐ டீபக் அமைப்பை இயக்கிய கர்னலைக் கட்டி ஓட்டுங்கள். மேப் செய்ததை அன்மேப் செய்யாதது, திசை மாற்றிக் கொடுத்தது, ஸ்டாக்கில் இருந்த பஃபரைக் கொடுத்தது எல்லாவற்றையும் அதுவே காட்டிக்கொடுக்கும். எக்ஸ்86-இல் சரியாக ஓடி ஏஆர்எம்மில் கெட்டால் சிங்க் அழைப்புகள் விட்டுப்போயிருக்கும் வாய்ப்பே அதிகம்.

*4 ஜிபி எல்லை.* அதிக ராம் உள்ள கணினியில் மட்டும் கெடுகிறதா? மெம்=2ஜி என்று பூட் செய்து பாருங்கள். சுத்தமாக ஓடினால் சிப் 64 பிட் முகவரி எழுதத் தெரியும் என்று பொய் சொல்கிறது. ஏஎம்டி எஸ்பி600 சாட்டா கண்ட்ரோலர் இதற்குப் பழைய உதாரணம். அதை 32 பிட்டுக்குள் கட்டிவைக்கும் கொடி ஏஎச்சிஐ டிரைவரில் இருக்கிறது. எல்லை 4 ஜிபியாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ராஸ்பெர்ரி பை 4-இன் பிசிஎம்2711, பி0 ஸ்டெப்பிங்கில் (சிப் ரிவிஷனில்), பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி டிஎம்ஏ முதல் 3 ஜிபியைத் தாண்டாது, சி0-வில் திருத்திவிட்டார்கள். ஆகவே மெம்= மதிப்பை 2, 3, 4 என்று ஏற்றி எங்கே உடைகிறது என்று பிடியுங்கள். 4 ஜிபி மட்டுமே உள்ள பிசியிலும் ஒரு பகுதி ராம் 4 ஜிபி எல்லைக்கு மேலே தள்ளி வைக்கப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கீழே பிசிஐ சாதனங்களுக்கு முகவரி ஒதுக்கியாக வேண்டுமே. தீர்வு ஒரே வரி: டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹெரென்ட்டில் சிப்பால் உண்மையில் முடிகிற பிட் எண்ணிக்கை.

*டிஎம்ஏஆர் ஃபால்ட்.* ஐஓஎம்எம்யு (சாதனங்களின் டிஎம்ஏவைக் காவல் காக்கும் பகுதி) இயங்கும் கணினியில் டிமெசேஜ் "டிஎம்ஏஆர்" வரிகளால் நிரம்பினால், அதில் "ரிக்வெஸ்ட் டிவைஸ்" எண்ணை உற்றுப் பாருங்கள். எல்எஸ்பிசிஐயில் 03:00.0 மட்டும் இருக்க, ஃபால்ட் 03:00.1 பெயரில் வருகிறதா? இல்லாத ஃபங்ஷன் பெயரில் சிப் டிஎம்ஏ செய்கிறது. மார்வெல் 88எஸ்இ91 வரிசை சாட்டா சிப்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது, குவர்க்ஸ்.சியில் ஃபங்ஷன் 1 மாற்றுப்பெயர் என்ற தலைப்பில் அவற்றின் பட்டியல் இருக்கிறது. உங்கள் எண்ணை அந்தப் பட்டியலில் சேர்த்தால் தீரும். இன்டெல்_ஐஓஎம்எம்யு=ஆஃப் என்பதும் "தீர்க்கும்". ஆனால் அதை வாடிக்கையாளரின் இமேஜில் வைத்து அனுப்புவது பூட்டு மக்கர் செய்கிறது என்று கதவையே கழற்றி வைப்பது.

ஃபால்ட் சரியான ஃபங்ஷன் பெயரில் வந்தால் சிப் மேல் சந்தேகம் வேண்டாம். நீங்கள் அன்மேப் செய்தபின்னும் அது எழுதிக்கொண்டிருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, நின்றதா என்று பார்த்து, பிறகு அன்மேப்.

அறிகுறி: சஸ்பெண்டிலிருந்து எழவில்லை

/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசசர்ஸ், கோர் என்று ஒவ்வொன்றாக எழுதி சஸ்பெண்ட் செய்யுங்கள். ஐந்து நொடியில் தானே திரும்பும். டிவைசஸ் கட்டத்தில் விழுந்தால் ஏதோ ஒரு டிரைவர். கோர் வரை எல்லாம் ஓடி நிஜ சஸ்பெண்ட் மட்டும் விழுந்தால் ஃபர்ம்வேர் அல்லது சிப். கூடவே நோ_கன்சோல்_சஸ்பெண்ட், இனிட்கால்_டீபக் இரண்டையும் போட்டு, பிஎம்_அசிங்க்கை 0 ஆக்கினால் கடைசியாக யார் உள்ளே போனார் என்று சீரியலில் தெரியும்.

எழுந்ததும் யுஎஸ்பி மொத்தமும் செத்து "அஸ்யூம் டெட்" என்று வந்தால் எக்ஸ்எச்சிஐ_எச்சிடி.குவர்க்ஸ் அமைப்பில் ஹெக்ஸ் 80 கொடுங்கள். எழும்போது கண்ட்ரோலரை முழுதாக ரீசெட் செய்யும் கொடி அது. ஒரே ஒரு யுஎஸ்பி சாதனம் மட்டும் என்றால் யுஎஸ்பிகோர்.குவர்க்ஸில் அதன் எண்ணோடு "பி" (எழும்போது ரீசெட்). அப்படியும் அவ்வப்போது அறுந்தால் "கே" (யுஎஸ்பி லிங்க் மின்சேமிப்பான எல்பிஎம் வேண்டாம்). பிசிஐ சாதனம் என்றால் டி3கோல்ட்_அலவுட் கோப்பில் 0. அதில் சரியானால், டி3கோல்ட்டில் மின்சாரம் போய் சிப்புக்குள் இருந்த ஃபர்ம்வேரும் போயிருக்கும். ரெசியூமில் அதைத் திரும்ப ஏற்றுகிறீர்களா என்று பாருங்கள். குவர்க் என்று எழுதப்படும் பேட்ச்களில் கணிசமானவை இந்த இடத்தில் விட்டுப்போன ஒரு ஃபங்ஷன் அழைப்புதான்.

டி3ஹாட்டிலிருந்து டி0-க்கு ஸ்பெக் கேட்பது 10 மில்லிசெகண்ட் காத்திருப்பு. அதற்குமேல் தேவைப்படும் சிப்புக்கு டி3ஹாட்_டிலே மதிப்பைக் கூட்டலாம். ஆனால் அளந்து கூட்டுங்கள். "எம்ஸ்லீப் 500 போட்டேன், சரியாகிவிட்டது" என்பது தீர்வல்ல. பிரின்ட்கே சேர்த்தாலே பிழை மறைந்தால் அதுவும் நேரப் பிரச்சினைதான். ட்ரேஸ்_பிரின்ட்கேக்கு மாறினால் நேரத்தை அவ்வளவாகக் கலைக்காமல் பார்க்கலாம்.

அறிகுறி: ஐ2சி பஸ் உறைந்து நிற்கிறது

மல்டிமீட்டரை வையுங்கள். எஸ்டிஏ (டேட்டா கோடு) கீழேயே நிற்கிறதா? பாதி பைட்டில் மாஸ்டர் ரீசெட் ஆகியிருக்கும், ஸ்லேவ் இன்னும் மீதி பிட்டுக்குக் காத்திருக்கும். எஸ்சிஎல்லில் (கிளாக் கோட்டில்) ஒன்பது துடிப்பு கொடுத்தால் விட்டுவிடும். கர்னலின் பஸ் ரெகவரி வசதி அதைத்தான் செய்கிறது, உங்கள் அடாப்டர் டிரைவரில் அது இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கோடும் மேலே, ஆனால் பதில் குப்பை என்றால் புல்-அப் (கோட்டை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) காரணமாக இருக்கலாம். 100 கிலோஹெர்ட்ஸில் ஏறும் நேரம் 1000 நானோசெகண்டுக்குள், 400-இல் 300-க்குள் இருக்க வேண்டும். மூன்று மாட்யூல்களை நீள ஜம்பர் வயரில் கோத்துவிட்டு 10 கே ரெசிஸ்டரோடு 400-இல் ஓட்டினால் சிப் என்ன செய்யும்!

ராஸ்பெர்ரி பையின் பழைய பிசிஎம்2835 ஐ2சி பகுதியில் கிளாக் ஸ்ட்ரெட்ச்சிங் நிஜமாகவே உடைந்தது. ஸ்லேவ் கிளாக்கைப் பிடித்து நிறுத்தினால் மாஸ்டர் ஒரு குட்டையான துடிப்பை விட்டுப் பிட்டைத் தவறவிடும். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பிழை நிற்கவில்லையெனில் ஐ2சி-ஜிபிஐஓ டிரைவருக்கு மாறி மென்பொருளாலேயே பஸ்ஸை ஓட்டுங்கள். சிபியு கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் இந்த வேலைக்குப் போதும். இரண்டு எச்சரிக்கை: அது 0, 1 மட்டும் காட்டும், ஏறும் நேரத்தை அளக்க ஸ்கோப் வேண்டும். 1.8 வோல்ட் பஸ்ஸில் அதை நம்பாதீர்கள். உள்ளே இருப்பது 3.3 வோல்ட் பஃபர், 1.8-ஐ ஒரு நேரம் 1 என்றும் ஒரு நேரம் 0 என்றும் படித்து இல்லாத பிழையைக் காட்டும்.

அறிகுறி: சீரியல் கன்சோலில் குப்பை எழுத்து

மேலே சொன்ன எல்லாச் சோதனைக்கும் கண்ணாக இருப்பது இதுவே என்பதால் இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ராக்சிப் போர்டுகளின் கன்சோல் வழக்கமாக 15,00,000 பாட். பழைய சிபி2102 அடாப்டர் 1 மெகாபிட்டைத் தாண்டாது. போர்டில் எந்தக் குற்றமும் இல்லை, அடாப்டரை மாற்றுங்கள். மேஜிக் சிஸ்ரெக்குக்கு (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் வசதிக்கு) பிரேக் அனுப்பினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சிஎச்340-ஐச் சந்தேகியுங்கள். சில ரகங்களில் பிரேக் வசதியே இல்லை, புதிய கர்னல் அதைக் கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்து ஒரு பூஜ்ய பைட் அனுப்பிப் பாசாங்கு செய்கிறது. பழைய கர்னலில் அது கிடையாது.

குவர்க் உறுதியானபின் எங்கே வைப்பது

பஸ் கட்டத்திலேயே தேவையென்றால் (பார் அளவு தவறு, கிளாஸ் கோட் தவறு) டிக்ளேர்_பிசிஐ_ஃபிக்ஸப்_ஹெடர் அல்லது ஏர்லி. டிரைவர் ஏறும் முன் போதுமென்றால் ஃபைனல். எழும்போதும் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் ரெசியூம் வகையையும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றதை மறந்தால் பூட்டில் ஓடும், சஸ்பெண்டுக்குப் பின் பழையபடி. தவறு சிப்பில் என்றால் வெண்டர்-டிவைஸ் எண்ணோடு ரிவிஷனையும் பொருத்துங்கள். போர்டு கட்டியவரின் வயரிங்கில் என்றால் சப்சிஸ்டம் எண், அதுவும் இல்லாதபோது மட்டும் டிஎம்ஐ (பயாஸ் தரும் கணினி அடையாளம்). ரிவிஷன் பார்க்காமல் எழுதிய குவர்க், திருத்தப்பட்ட புதிய சிப்பையும் சேர்த்துக் கட்டிப்போடும். பிறகு அதை எடுக்க யாருக்கும் துணிவு வராது.

இயங்கும்போது பிசிஐ_இன்ஃபோவில் ஒரு வரி அச்சிடட்டும். கமெண்டில் சிப் என்ன செய்தது, ஸ்பெக் என்ன கேட்கிறது, எப்படிச் சோதிப்பது என்று மூன்றும் இருக்கட்டும். "ஹார்டுவேர் பக்" என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது.

எஃப்ஏஇ-யைக் கூப்பிடும் கட்டம்

குறைந்தது இரண்டு போர்டில், ஒரே ரிவிஷனில், மெயின்லைன் கர்னலில், ஒரு சின்ன சோதனை ப்ரோகிராமால் திரும்பத் திரும்ப வரவழைக்க முடிந்தால் சிப் நிறுவனத்தின் ஃபீல்ட் அப்ளிகேஷன் இன்ஜினியரைக் (எஃப்ஏஇ) கூப்பிடுங்கள். பெங்களூரில் இருப்பதன் லாபம் இதுதான்: அவுட்டர் ரிங் ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் பல சிப் நிறுவனங்களின் டிசைன் சென்டரே இருக்கிறது, போர்டைக் கையில் எடுத்துப்போய்க் காட்டலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் புரோட்டோகால் அனலைசர் வாங்கக் கட்டுப்படியாகாத கம்பெனிக்கு அவர்களுடைய லேபில் ஒரு மதியம் கிடைப்பதே பெரிது. போகும்போது சிப்பின் மேல் அச்சிட்ட எண்களின் தெளிவான படம் (லாட் கோடு, தேதிக் கோடு சேர்த்து), எல்எஸ்பிசிஐ -விவி -எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ் வெளியீடு, முதல் பிழை வரியிலிருந்து தொடங்கும் டிமெசேஜ், சோதனை ப்ரோகிராம் ஆகியவை இருக்கட்டும். "சில நேரம் வருகிறது" என்று போனால் எந்த எஃப்ஏஇ-யும் உங்களைத் திரும்ப அனுப்பிவிடுவார்.

அடிப்புறம் சால்டர் உருண்டைகளோடு உள்ள பிஜிஏ சிப்பைக் கழற்றி மாற்றுவதை மட்டும் லேபில் ஹாட் ஏர் கன் வைத்து முயல வேண்டாம். போன் மதர்போர்டுக்கு அது ஓடலாம். எட்டு அடுக்கு போர்டில் கீழிருந்து முன்சூடு இல்லாமல் சூடேற்றினால் பேட் பிய்ந்துகொண்டு வரும். பீன்யா, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் எக்ஸ்ரே வசதியோடு ரீவொர்க் செய்யும் இடங்களில் கொடுங்கள்.

எஃப்ஏஇ கொடுக்கும் எர்ராட்டா (சிப்பின் அறியப்பட்ட பிழைப் பட்டியல்) பெரும்பாலும் என்டிஏ-வுக்குள் (ரகசியம் காக்கும் ஒப்பந்தத்துக்குள்) வரும். அதன் வாசகத்தை அப்படியே கமிட் மெசேஜில் ஒட்டக் கூடாது. எந்த ரிவிஷன் வரை பாதிப்பு, வெளிப்படையாக எவ்வளவு சொல்லலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, நீங்கள் அளந்து கண்டதை உங்கள் சொல்லில் எழுதி பேட்ச் அனுப்புங்கள்.